ஒற்றை அறையும் உறைந்த வாடகையும்: பம்பாய்ச் 'சாள்' குடியிருப்புகளின் சமூக வரலாறு (1896–2000)

ஆய்வுச்சுருக்கம்

பம்பாய் நகரின் ஆலைத் தொழிலாளரும் கீழ்நடுத்தர வகுப்பினரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்த 'சாள்' என்னும் ஒற்றை அறைக் குடியிருப்புகளின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1896ஆம் ஆண்டின் கொள்ளைநோய், 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், 1920இல் தொடங்கிய அரசுக் குடியிருப்புத் திட்டம், 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆகியவை இவ்வரலாற்றின் திருப்பங்களாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சாளின் கூட்டுவாழ்வு பண்பாட்டு இயல்பினால் மட்டும் அமைந்ததன்று. குறைந்த கூலியும் இடநெருக்கடியும் உருவாக்கிய ஏற்பாடே அது என்பதும், வாடகைச் சட்டம் குடியிருப்போரின் வாழிட உரிமையைக் காலப்போக்கில் ஒருவகைச் சொத்தாக மாற்றியது என்பதும் கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: பம்பாய், சாள், ஆலைத் தொழிலாளர், வாடகைக் கட்டுப்பாடு, மாதுங்கா, தாராவி, நகர வரலாறு.

1. முன்னுரை

மராத்தியில் 'சாள்' என்பது வரிசையாக அமைந்த அறைகளைக் கொண்ட கட்டடத்தைக் குறிக்கும். ஒரு நீண்ட தாழ்வாரம், அதனையொட்டி அடுத்தடுத்து அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், தளத்தின் கோடியில் பொதுக் கழிப்பறையும் குழாயும் என்பது இதன் பொது அமைப்பு. தமிழகத்து நகரங்களில் 'ஒண்டுக்குடித்தனம்' என்னும் சொல் சுட்டும் வாழ்க்கையோடு இதற்கு ஒப்புமை உண்டு. எனினும், ஒண்டுக்குடித்தனம் பெரும்பாலும் ஒரு வீட்டைப் பகுத்து உருவானது. சாளோ தொடக்கத்திலிருந்தே வாடகை வருவாயைக் கருதிக் கட்டப்பட்டது.

சாளைப் பற்றிய எழுத்துகள் இருவகைப்பட்டவை. குடியேற்றக்கால அரசின் நலவாழ்வு அறிக்கைகள் அதனை நோயின் விளைநிலமாகக் கண்டன. பிற்கால இலக்கியமும் திரைப்படமும் அதனை அண்டை அயலாரின் அன்பு நிலவிய இடமாகக் கண்டன. பு. ல. தேஷ்பாண்டே 1958இல் வெளியிட்ட 'படாட்யாசீ சாள்' என்னும் நகைச்சுவை நூல் சாள் வாழ்வை மராத்தி வாசகர் நினைவில் நிலைபெறச் செய்தது. ராஜ்நாராயண் சந்தாவர்க்கர், பிரசாந்த் கிடாம்பி, நிகில் ராவ் முதலியோரின் ஆய்வுகள் இவ்விரு நோக்குகளையும் கடந்து, தொழிலாளர் சந்தை, நகராட்சி அரசியல், கட்டட வடிவம் ஆகியவற்றோடு குடியிருப்பை இணைத்துக் காண வழிவகுத்தன. அவ்வழியில் நின்று, கூலி, கழிப்பறை, வாடகை என்னும் மூன்று நடைமுறைச் செய்திகளின் வழியே சாளின் வரலாற்றை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கம். நகரின் பெயர் 1995இல் மும்பை என மாற்றப்பட்டமையால், அதற்கு முந்தைய காலத்தைக் குறிக்கும்போது பம்பாய் என்னும் பெயரே இங்கு ஆளப்படுகிறது.

2. ஆலை நகரமும் ஒற்றை அறையும்

காவஸ்ஜி தாவர் 1854இல் நிறுவிய பருத்தி ஆலை நிறுவனத்தோடு பம்பாயின் ஆலைத்தொழில் தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா முதலிய பகுதிகள் ஆலைகளால் நிறைந்தன. 'கிரண்காவ்', அதாவது 'ஆலைகளின் ஊர்' என்று மராத்தியில் வழங்கப்பெற்ற இப்பகுதிக்கு ரத்னகிரி, சதாரா முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர்.

இவர்களுக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பைப் பெரும்பாலான ஆலை முதலாளிகள் ஏற்கவில்லை. தனியார் நில உரிமையாளரே சாள்களைக் கட்டினர். குறைந்த நிலத்தில் மிகுதியான அறைகளை எழுப்பினால்தான் தொழிலாளர் செலுத்தக்கூடிய வாடகையில் ஆதாயம் காண இயலும். ஆகவே அறை சிறுத்தது. கட்டடங்களுக்கு இடையிலான வெளி, கழிவுநீர் ஓடும் சந்தாகக் குறுகியது. 1920களின் தொடக்கத்தில் பம்பாய்த் தொழிலாளர் அலுவலகம் நிகழ்த்திய குடும்ப வரவுசெலவு ஆய்வு, தொழிலாளர் குடும்பங்களில் 97 விழுக்காடு ஒற்றை அறைகளில் வாழ்ந்ததாகத் தெரிவித்தது. நகர மக்கள்தொகை முழுவதையும் கணக்கில் கொண்டாலும், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அவ்வாறே வாழ்ந்தனர்.

ஒற்றை அறையில் வாழ்ந்தவர் எப்போதும் ஒரு குடும்பத்தினராக இருக்கவில்லை. 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரில் பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையில் பாதியைச் சற்றே கடந்திருந்தது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆடவர், ஓர் ஊரார் அல்லது ஓர் உறவினர் எனக் கூடி ஓர் அறையை எடுத்துத் தங்கினர். பகல் முறைக்குச் சென்றவரின் இடத்தில் இரவு முறை முடித்தவர் உறங்கினார். நோயுற்றாலோ வேலை இழந்தாலோ முதுமை எய்தினாலோ அவர் ஊருக்குத் திரும்பினார். தொழிலாளியைப் பேணும் செலவில் ஒரு பகுதியைக் கிராமத்து வேளாண் குடும்பமே ஏற்றது. ஒற்றை அறைக்கு மட்டுமே போதுமான கூலியை ஆலைகள் நெடுங்காலம் வழங்க முடிந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. கொள்ளைநோயும் மேம்பாட்டு டிரஸ்டும்

1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோய் பரவியதை மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். பெருந்திரளான மக்கள் நகரை விட்டு வெளியேறினர். 1891இல் 8,21,764ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 7,76,006ஆகக் குறைந்தது. நோய்க்கு எலியும் தெள்ளுப்பூச்சியும் காரணம் என்பது உறுதிப்படாத அந்நாளில், காற்றோட்டமின்மையும் அழுக்கும் ஈரமும் காரணமாகக் கருதப்பட்டன. எனவே மருத்துவ நடவடிக்கை, கட்டடத்தின் மீதான நடவடிக்கையாக உருப்பெற்றது. 'மனிதர் வாழத் தகுதியற்றது' என்னும் குறி அறைச்சுவர்களில் இடப்பட்டது, கூரைகள் திறக்கப்பட்டன, உடைமைகள் எரிக்கப்பட்டன.

1898இல் சட்டத்தின் வழி அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் இந்நோக்கின் நிறுவன வடிவமாகும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1866இல் அமைந்த டிரஸ்ட் இதற்கு முன்மாதிரியாக இருந்தது. நெருக்கமான பகுதிகளை ஊடறுத்து, மேற்கிலிருந்து கடற்காற்று வரும்படி அகன்ற சாலைகளை அமைப்பது இதன் முதன்மைப் பணிகளுள் ஒன்று. பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை ஆகியவை இவ்வாறு உருவானவை. ஆனால், சாலைக்காக இடிக்கப்பட்ட அறைகளுக்கு ஈடாகப் புதிய அறைகள் உடனுக்குடன் எழவில்லை. வெளியேற்றப்பட்டோர் தம் வேலையிடத்திற்கு அருகிலிருந்த பிற சாள்களில் இடம் தேடினர். அதனால் அங்கு வாடகையும் நெருக்கடியும் மிகுந்தன. ஓரிடத்து நெருக்கடியைக் குறைக்க எடுத்த முயற்சி அதனை வேறிடத்திற்கு நகர்த்தியது எனலாம்.

டிரஸ்ட் தானும் சில சாள்களைக் கட்டியது. அவற்றுள் பரேலில் உள்ள முதல் எண் கட்டடம் வரலாற்றுச் சிறப்புடையது. 1912 முதல் 1934 வரை அண்ணல் அம்பேத்கரின் குடும்பம் அதன் இரண்டாம் தளத்தில் 50, 51 எண்ணுள்ள அறைகளில் வாழ்ந்தது. வெளிநாட்டுப் பட்டங்கள் பெற்றுத் திரும்பிய பின்னரும் அவர் வாழ்ந்த இடம் அதுவே. கல்வித்தகுதி உயர்ந்த நிலையிலும் நகரின் பிற பகுதிகளில் வீடு பெறுவதற்குச் சாதி தடையாக நின்ற காலம் அது என்பதை மனத்திற்கொண்டு இச்செய்தியை நோக்குதல் வேண்டும்.

4. அரசு கட்டிய சாள்கள்

முதல் உலகப்போரின் இறுதியில் பம்பாயில் வாடகை கடுமையாக உயர்ந்தது. 1918இல் சிறு குடியிருப்புகளின் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920இல் பம்பாய் வளர்ச்சித் துறை உருவாக்கப்பட்டது. 50,000 ஒற்றை அறைகளைக் கட்டுவது அதன் இலக்கு. நகருக்குள் வரும் பருத்திப் பொதி ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் வரி விதித்து இதற்கு நிதி திரட்டப்பட்டது. இறுதியில் எழுந்தவை 207 கட்டடங்கள்: வொர்லியில் 121, நாய்காவில் 42, டிலைல் சாலையில் 32, சிவ்ரியில் 12. ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்டு, தளத்திற்கு 20 வீதம் 80 அறைகள் உடையது. அறையின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர அடி. நடுவில் இருள் சூழ்ந்த ஒரு நடை, இருமருங்கும் அறைகள், தளத்தில் பொதுக் கழிப்பறை என்பது இவற்றின் அமைப்பு.

கான்கிரீட்டால் உறுதியாகக் கட்டப்பட்ட இவ்வறைகள் தொடக்கத்தில் நிரம்பவில்லை. வொர்லியில் பெரும்பாலான அறைகள் 1920களின் பிற்பகுதியிலும் காலியாகக் கிடந்தன. ஆலைக்கும் அங்காடிக்கும் தொலைவு, விளக்கு முதலிய வசதிக்குறைவு, பழைய சாள்களைவிட மிகுந்த வாடகை என்பன காரணங்களாகக் கூறப்பட்டன. இவற்றோடு மற்றொன்றையும் சேர்த்தல் வேண்டும். தொழிலாளிக்கு வேலை வாங்கித் தந்த ஜாபர், கடன் தந்த மளிகைக் கடைக்காரர், ஒரே ஊரார் ஆகியோர் சூழ்ந்த தெருவே அவனுக்கு வேலையில்லாக் காலத்தின் காப்பு. 1928ஆம் ஆண்டின் ஆலை வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஆறு திங்கள் நீடித்தபோது, தெருக்கடைகளின் கடனும் ஊர்த்தொடர்புமே தொழிலாளரைத் தாங்கின. இத்தகைய பிணைப்புகளை விட்டுவிட்டுக் கான்கிரீட் அறைக்குப் பெயர்வதைத் தொழிலாளி ஆதாயமாகக் கருதவில்லை.

5. அறைக்கு வெளியே: தாழ்வார வாழ்க்கை

பத்தடி அகல அறையில் அடுப்பு, படுக்கை, பெட்டி ஆகியவற்றோடு ஒரு மூலையில் 'மோரி' எனப்படும் அங்கணமும் இடம்பெற்றது. எஞ்சிய வாழ்க்கை தாழ்வாரத்தில் நிகழ்ந்தது. குழந்தைகள் அங்குப் படித்தனர். முதியோர் அங்கு உறங்கினர். பெண்கள் அங்கு அரிசி புடைத்தனர். முற்றத்தில் உடற்பயிற்சிக் கூடமும் விழாப்பந்தலும் அமைந்தன. 1893இல் கிர்காவ் பகுதியின் கேசவ்ஜி நாயக் சாளில் தொடங்கிய பொது விநாயகர் விழா, நகரின் மிகப் பழைய விழாக்களுள் ஒன்றாக இன்றும் தொடர்கிறது.

இக்கூட்டுவாழ்வின் உழைப்பு பெரிதும் பெண்களுடையது. விடியலில் சிறிது நேரமே வரும் குழாய்நீரைப் பிடிப்பது முதல் தனியாய் வந்த ஆடவருக்குச் சமைப்பது வரை அவர்கள் பொறுப்பாயிற்று. மாதக் கட்டணத்திற்கு உணவளித்த 'காணாவள்' என்னும் உணவகங்கள் பல, சாள் அறைகளிலேயே பெண்களால் நடத்தப்பட்டன. 1970களின் நடுவில் பிரேமா புரவ் இப்பெண்களைத் திரட்டி அன்னபூர்ணா மகளிர் மன்றத்தை அமைத்தார். கந்துவட்டியிலிருந்து விடுபட்டு வங்கிக்கடன் பெறுவது அவ்வமைப்பின் முதன்மை நோக்கமாக இருந்தது. வீட்டு வேலையாகக் கருதப்பட்டது தொழிலாகவும் இருந்தது என்பதற்கு இது சான்று.

தாழ்வாரம் அனைவரையும் ஒன்றாக்கியது என்னும் கருத்தும் மறுபரிசீலனைக்கு உரியது. எந்தக் கட்டடத்தில் எச்சாதியார் வாழ்ந்தனர் என்பது பெரும்பாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. 1974 ஜனவரியில் வொர்லி அரசுச் சாள்களில் தலித் பேந்தர் இயக்கத்தினருக்கும் சிவசேனையினருக்கும் இடையே மூண்ட மோதல், அருகருகே நின்ற கட்டடங்களுக்கு இடையிலான மோதலாகவும் அமைந்தது. நெருக்கம் உறவை வளர்த்தது போன்றே எல்லைகளையும் வளர்த்தது.

6. மாதுங்காவும் தாராவியும்

மேம்பாட்டு டிரஸ்ட் தீவின் வடபகுதியில் தாதர், மாதுங்கா, சயான் ஆகிய இடங்களில் மனைப்பிரிவுகளை அமைத்தது. 1920களின் பிற்பகுதியிலிருந்து அங்கு எழுந்த அடுக்குமாடி வீடுகள் நகரின் குடியிருப்பு வரலாற்றில் புதியதொரு வகை. அவற்றின் தனிச்சிறப்பு, கழிப்பறையும் குளியலறையும் வீட்டிற்குள்ளேயே அமைந்தமையாகும். தீட்டு பற்றிய கருத்து வலுவாயிருந்த மேல்சாதி நடுத்தர வகுப்பினர் கழிப்பறையை வீட்டிற்குள் ஏற்றுக்கொண்டது, நீரால் கழிவகற்றும் முறையும் வகுப்பு மதிப்பும் இணைந்து நிகழ்ந்த மாற்றம் என்பதை நிகில் ராவின் ஆய்வு விளக்குகிறது.

இவ்வீடுகளில் குடியேறியோருள் தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் எழுத்தர், தட்டச்சர், கணக்கர் பணிகளுக்கு வந்த தென்னிந்தியர் குறிப்பிடத்தக்கவர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டது. கோயில்கள், உணவு விடுதிகள், இசை அரங்குகள் வழியே மாதுங்கா தென்னிந்தியரின் நகர்ப்பகுதியாயிற்று.

மாதுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள தாராவிக்குத் திருநெல்வேலி வட்டாரத்துத் தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தனர். சதுப்பு நிலத்தைத் தாமே மேடாக்கி வாழிடம் அமைத்தனர். டிரஸ்டின் திட்டப்படத்தில் தோல் தொழிலுக்கும் அதனைச் செய்தோருக்கும் உரிய இடம் நகரின் விளிம்பே. ஒரே மொழி பேசிய இரு குடியேற்றங்களுக்கு இடையிலான தொலைவை, கழிப்பறை வீட்டிற்குள் இருந்ததா, தெருக்கோடியில் இருந்ததா, இல்லவே இல்லையா என்னும் கேள்வி அளந்து காட்டும். மும்பைத் தமிழர் வரலாற்றை ஒற்றைச் சமூகத்தின் வரலாறாக எழுதுவதில் உள்ள இடர்ப்பாட்டை இது உணர்த்துகிறது.

7. உறைந்த வாடகை

இரண்டாம் உலகப்போரும் நாட்டுப் பிரிவினையும் நகரின் மக்கள்தொகையைப் பெருக்கின. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1ஆம் நாளில் நிலவிய வாடகையை அடிப்படை வாடகையாக நிறுத்தியது. வாடகைதாரரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறும், அவர் மறைந்தால் உடன்வாழ்ந்த குடும்பத்தினருக்கு அவ்வுரிமை செல்லுமாறும் வகை செய்தது. இடைக்கால ஏற்பாடாகக் கருதப்பட்ட இச்சட்டம், மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு அரை நூற்றாண்டு நிலைத்தது.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவதாக, விலைவாசி உயர வாடகை உயராமையால், ஆலைத் தொழிலாளி நகரின் நடுப்பகுதியில் தொடர்ந்து வாழ முடிந்தது. இரண்டாவதாக, வாடகை பராமரிப்பிற்கும் போதாமையால் உரிமையாளர் கட்டடங்களைக் கைவிட்டனர். மழைக்காலத்தில் கட்டடங்கள் இடிந்து உயிரிழப்பு நேர்வது வழக்கமாகிய நிலையில், 1969இல் சட்டமியற்றிப் பழுதுபார்ப்பு வாரியம் அமைக்கப்பட்டது. தீர்வை செலுத்தி அதன் பொறுப்பிற்கு உட்பட்ட கட்டடங்கள் 19,642. மூன்றாவதாக, 'பகடி' என்னும் வழக்கம் வேரூன்றியது. புதிய வாடகைதாரர் பழையவருக்கும் உரிமையாளருக்கும் மறைவாகப் பெருந்தொகை தந்து அறையைப் பெற்றார். சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியதேயன்றி அறையின் விலையைக் கட்டுப்படுத்தவில்லை.

இம்மூன்றாம் விளைவே நம் ஆய்வுக்கு முதன்மையானது. பகடி தந்தவர் தம்மை வாடகைதாரராகக் கருதவில்லை. பாதி உடைமையாளராகவே கருதினார். 1997இல் மால்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில், பழைய வாடகையை மாற்றமின்றி நிறுத்திய விதிகள் காலப்போக்கில் நியாயமற்றவையாகிவிட்டன என உச்சநீதிமன்றம் கருதியது. 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைச் சட்டம், தொடக்கத்தில் 5 விழுக்காடும் பின்னர் ஆண்டுதோறும் 4 விழுக்காடும் உயர்த்த அனுமதித்தது. பகடியைச் சட்டத்திற்கு உட்பட்டதாக்கியது. 10 ரூபாய் வாடகையுள்ள அறையை எடுத்துக்காட்டாகக் கொண்டால், கூட்டுமுறையில் கணக்கிட்டாலும் 25 ஆண்டுகளுக்குப் பின் அது 28 ரூபாயைத் தாண்டாது. எனவே உறைந்த வாடகை உருகவில்லை. வாடகைதாரரின் பாதி உடைமை மட்டும் சட்ட ஏற்பைப் பெற்றது.

8. ஆலை மூடலும் நிலத்தின் விலையும்

1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் முறையான உடன்பாடின்றிச் சிதைந்தது. பல ஆலைகள் மீண்டும் இயங்கவில்லை. ஆலைநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்தவெளிக்கும் மற்றொரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் ஒதுக்க 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 58 வகைசெய்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், பங்கீட்டை ஏற்கெனவே காலியாக இருந்த நிலத்திற்கு மட்டும் சுருக்கியது. 2006இல் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லும் என்றது. ஆலைகள் நின்ற இடங்களில் வணிக வளாகங்களும் வானளாவிய மாளிகைகளும் எழுந்தன.

வேலை மறைந்த பின்னும் சாள் நின்றது. அதன் அடியிலிருந்த நிலம் பொன்னாயிற்று. கூடுதல் தளப்பரப்பு பெறும் கட்டுநர், பழைய குடியிருப்போருக்கு இலவச வீடு தருவது புதிய நடைமுறையாயிற்று. வொர்லி அரசுச் சாள்களில் 160 சதுர அடி அறைக்கு ஈடாக 500 சதுர அடி வீடு தரும் திட்டத்தின்கீழ், 2025 ஆகஸ்டில் 556 வீடுகள் முதற்கட்டமாக வழங்கப்பட்டன. ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே வீடு. உள்வாடகையில் வாழ்ந்தோரும், மாத உணவிற்குப் பணம் தந்து அறையில் தங்கியோரும் இக்கணக்கில் இடம்பெறும் வாய்ப்புக் குறைவு. ஒற்றை அறையில் ஒரு காலத்தில் தங்கி நகரை இயக்கியோருள் பெரும்பாலோர் இவ்வகையினரே என்பது நினைவுகூரத்தக்கது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

சாளின் கூட்டுவாழ்வு, குறைந்த கூலி கைவிட்ட தேவைகளை ஊரும் தெருவும் பெண்களின் உழைப்பும் ஈடுசெய்த ஏற்பாடாகும். அதனை ஏக்கத்தோடு மட்டும் நினைவுகூர்வது அவ்வுழைப்பை மறைக்கும்.

நலவாழ்வை முன்னிட்டு நிகழ்ந்த நகர மேம்பாடு, இடிப்பதில் காட்டிய விரைவைக் கட்டுவதில் காட்டவில்லை. அதனால் வகுப்பு, சாதி வேறுபாடுகள் நகரின் நிலப்படத்தில் மேலும் தெளிவாகப் பதிந்தன.

வாடகைக் கட்டுப்பாடு கட்டடத்தைச் சிதைத்தது. அதே வேளையில் உழைப்போரை நகரின் நடுவில் நிலைநிறுத்தியது. சந்தை விலையில் ஒருநாளும் வாங்க இயலாத நிலத்தில் ஆலைத் தொழிலாளியின் பேரன் இன்று உரிமை கோர முடிகிறதெனில், அதற்கு அடிப்படை 1947ஆம் ஆண்டின் சட்டமே. அவ்வுரிமை இன்று தனிவீட்டு உடைமையாக மாறும்போது, நகருக்குப் புதிதாக வரும் உழைப்பாளி எங்குத் தங்குவார் என்னும் 1896ஆம் ஆண்டின் கேள்வி விடையின்றியே தொடர்கிறது.